இருளில் கேட்கவேண்டிய கேள்வி

உடுவில் என்னும் எமது ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்லி வாதாடுவது எம் பள்ளிப்பருவத்து விளையாட்டுக்களில் ஒன்று. 'உடு' என்றால் விண்மீன். 'வில்' என்றால் சிறுகுளம். கொக்குவில், இணுவில், மிருசுவில் என்று வில்லில் முடியும் ஊர்கள் குடாநாட்டில் பலவுண்டு. ஆகவே விண்மீன்கள் முகம் பார்க்கும் குளமே எமது ஊர் என்பான் ஒருவன். நிகண்டு படித்த மற்றொருவன் விடமாட்டான். 'உடு' என்பதற்கு அம்பின் இறகு என்றும் பொருள் உண்டு. வில்லோ கையில் ஏந்தும் வில். ஆகவே இது வேடர் இருந்த ஊர் என்று சாதிப்பான். பெயராராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் அண்மையில் ஓரிரவு, எம் வீட்டு மொட்டைமாடியில் நின்றபொழுது, அந்தப் பழைய வாதம் மீண்டும் எம் நினைவுக்கு வந்தது. இருளை நோக்கி வியக்கும் கண் ஒன்று. இருளுக்குள் குறிபார்க்கும் கண் மற்றொன்று. இரண்டையும் ஒரே கருவியில் அன்று கண்டோம்.

எம் தமக்கையாரின் மகன் ஜேர்மனியில் மின்தொழிலாளி. விடுமுறைக்கு வந்தவன் தன் தொழிற்கருவி ஒன்றையும் பெட்டியில் கொண்டுவந்திருந்தான். தீப்பெட்டியளவான அதனைக் கைத்தொலைபேசியில் பொருத்தினால், கண்ணுக்குத் தெரியாத வெப்பம் படமாகத் திரையில் விரியும். சுவருக்குள் ஓடும் கம்பி எவ்விடத்தில் சூடேறுகிறது, பனிக்காலத்தில் வீட்டின் வெப்பம் எந்த இடுக்கினால் ஒழுகிப்போகிறது என்றெல்லாம் கண்டுபிடிக்க அவனைப் போன்ற தொழிலாளர் அதனைப் பயன்படுத்துகிறார்கள். "இருட்டிலை எங்கடை வளவைப் பாப்பம், வாங்கோ மாமா" என்று எம்மை மேலே அழைத்துச் சென்றான். எண்பது வயது கடந்த எம் தாயாரும் படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார்.

நிலவற்ற இரவு. பகலெல்லாம் வெயில் குடித்த சீமெந்துச் சுவர் திரையில் இன்னும் மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. முற்றத்தில் படுத்திருந்த நாய் வெண்ணிறப் பொதியொன்றாகத் தெரிந்தது. மாமரத்து வௌவால்கள் சிறு சிறு பொட்டுக்களாயின. பனைவட்டுக்குள் ஏதோ அசைந்தது. மரநாய் என்றான் மருமகன். வேலிக்கு அப்பால், வெங்காயத் தோட்டத்துக்குள், ஒரு வெள்ளை உருவம் குனிவதும் நகர்வதுமாக இருந்தது. அது மாடா, மனிதனா என்று எம்மால் சொல்ல இயலவில்லை. மருமகன் படத்தைப் பெரிதாக்கினான். வெண்மை பெரிதாயிற்றேயன்றி விளக்கம் பிறக்கவில்லை.

எம் தாயார் திரையைப் பார்க்கவில்லை. கைபிடிச் சுவரில் சாய்ந்து இருளை நோக்கி, "ஆரது?" என்று குரல் கொடுத்தார்.

"அது நான்தான் அக்கா. பயிருக்குத் தண்ணி மாறுறன்" என்று இருளுக்குள்ளிருந்து பதில் வந்தது. பக்கத்து வளவுத் தோட்டக்காரர்.

நாம் சிரித்தோம். ஆனால் அடுத்து நிகழ்ந்தது சிரிப்பை அடக்கிவிட்டது. மருமகன், இதே வகைக் கண்ணைத் துவக்கின்மேல் பொருத்தி இரவில் வேட்டையாடுவோர் அந்நாட்டில் உண்டென்றும், தன்னோடு வேலை செய்யும் ஒருவர் அதில் வல்லவர் என்றும் சொல்லி, அவர் அனுப்பிய படமொன்றைக் காட்டினான். அறுவடையான சோள வயல். அதில் பத்துப் பன்னிரண்டு வெள்ளை உருவங்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சில பெரியவை, அவற்றின் காலடியில் சில சிறியவை. படத்தின் நடுவில் ஒரு சிலுவைக்குறி மெல்ல நகர்ந்து, ஒரு வெண்மையின்மேல் நிலைத்து நின்றது. மறுகணம் அது சாய்ந்தது. மற்றவை சிதறி ஓடின. விழுந்தது விழுந்த இடத்திலேயே வெள்ளையாகக் கிடந்தது.

"விழுந்தது ஆரெண்டு உதிலை தெரியுமோ, மோனை?" என்று கேட்டார் தாயார்.

"பன்றிதானே, அம்மம்மா."

"எனக்குப் பன்றியாத் தெரியேல்லை. ஒரு உயிர் எண்டுதான் தெரிஞ்சுது."

விஞ்ஞானப் பாடம் கற்பித்து ஓய்வுபெற்ற நாம், அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்று தாயாருக்கு விளக்கியிருக்க முடியும். ஆனால் விளக்கமெல்லாம் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே போய் முடியும் என்பதை உணர்ந்து வாளாவிருந்தோம்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியினால் நிறம்பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒளியே இல்லாத இடத்தில், வெப்பமானி மேலும் ஏறிற்று. கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் உண்டென்று உலகம் அறிந்தது அவ்வாறுதான். அகச்சிவப்புக் கதிர் என்று நாம் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது இதனையே. வெப்பமுள்ள எப்பொருளும் இக்கதிரை ஓயாது வீசிக்கொண்டிருக்கிறது. 37 பாகைச் சூட்டில் உலாவும் எமது உடல் ஒரு விளக்கு. அதன் ஒளியைக் காணும் கண்தான் எமக்கில்லை. சில பாம்புகளுக்கு உண்டு. குழிவிரியன் இனங்கள் முகத்திலுள்ள சிறு குழிகளினால் இருட்டில் எலியின் சூட்டை உணர்ந்து கொத்துகின்றன. வெங்கிணாந்திக்கும் உதட்டோரத்தில் அத்தகைய குழிகள் உள்ளன.

மனிதன் அந்தப் பாம்பின் புலனைச் செய்து முடிக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சாதாரணக் கண்ணாடி இக்கதிரை உட்புகவிடாது. ஆகவே ஜேர்மானியம் என்னும் தனிமத்தினால் வில்லை செய்தார்கள். அதன் பின்னால் ஆயிரக்கணக்கான நுண்ணிய உணரிகளை நிரைநிரையாக அமைத்தார்கள். ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு வேறுபாட்டையும் இன்றைய நல்ல கருவி பிரித்தறியும். கையடக்கமான இக்கருவிக்கு அடிப்படையான உணரி 1980களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்தில் இராணுவப் பணத்தில் உருவானது. 1992இல் அதன் இரகசியம் தளர்த்தப்பட்டது. அதன் பின்னரே அது தீயணைப்பு வீரனிடமும் மின்தொழிலாளியிடமும் வேட்டைக்காரனிடமும் வந்து சேர்ந்தது. அதன் தாய்வீடு போர்க்களம் என்பதை மறந்துவிடலாகாது.

இக்கண் எதைக் காண்கிறது, எதைக் காணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது சூட்டைக் காண்கிறது. முகத்தைக் காணாது. நிறத்தைக் காணாது. நூறு யார் தொலைவில் ஒருவன் கையிலிருப்பது மண்வெட்டியா வேறெதுவுமா என்று அதற்குத் துலக்கமில்லை. உயிர் போன உடல் சிறிது சிறிதாகக் குளிர்ந்து, மங்கி, ஈற்றில் மண்ணின் நிறத்தோடு கலந்துவிடும். எங்கே என்ற வினாவுக்கு இத்துணைத் திறமையாக விடை சொல்லும் கருவி முன்னொருபோதும் இருந்ததில்லை. யார் என்ற வினாவையோ அது கேட்பதேயில்லை.

இங்கே எம் பாட்டனாரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மாங்குளத்துக்கு அப்பால் அவருக்குக் கொஞ்சம் காணி இருந்தது. நெல்லும் கச்சானும் போடுவார். காய்க்கும் காலத்தில் இரவெல்லாம் பரணில் காவல். ஓர் அரிக்கன் லாம்பு, ஒரு மின்சூள், பக்கத்துக் காணிக்காரரோடு பங்காக வைத்திருந்த ஓர் இடியன் துவக்கு: இவையே அவருடைய ஆயுதங்கள். பள்ளி விடுமுறையில் நாமும் பரணில் படுத்திருக்கிறோம். மின்சூளை அடித்தால் மானின் கண்ணும் மரையின் கண்ணும் நரியின் கண்ணும் நெருப்புத் துண்டுகளாய் எரியும். அவற்றின் விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. பன்றிக்கு அது இல்லை. மனிதனுக்கும் இல்லை.

பாட்டனாருக்கு இந்த உடற்கூற்றுப் பாடம் தெரியாது. ஆனால் உண்மை தெரியும். "கண் எரியாட்டில் அது பண்டியாயும் இருக்கும், மனிசனாயும் இருக்கும். முதல் கூப்பிடு. மனிசன் பதில் சொல்லுவான், பண்டி சொல்லாது" என்பார். துவக்கைத் தொடுமுன் பரணிலிருந்து, "ஆரது?" என்று காடு அதிரக் கூவுவார். கூவிய சத்தத்துக்கே பன்றி ஓடிவிடுமே என்று நாம் ஆதங்கப்பட்டதுண்டு. "ஓடினால் ஓடட்டும். நான் வந்தது பயிரைக் காக்க" என்று அவர் சொன்ன மறுமொழி இன்றும் எம் காதில் ஒலிக்கிறது. எப்போதாவது ஒரு பன்றி விழுந்தால் அது அயலுக்கெல்லாம் பங்கு. விழாத இரவுகளே அதிகம்.

அக்கூவலில் ஓர் அறம் இருந்தது. அது பாட்டனாரின் தனிக்குணமென்று நாம் கருதவில்லை. உழைத்துண்ணும் மனிதன் வேட்டையாடும்போது அது உயிர்வாழ்வின் ஒரு பகுதி. அதற்கு ஓர் அளவு உண்டு. உழைக்காதவன் வேட்டையாடும்போது அளவு போய்விடுகிறது. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் பதுளையில் அதிகாரம் செலுத்திய மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்றவர். 1845இல் இடிவிழுந்து மாண்டார். அந்த யானைகள் அவருடைய எந்தப் பயிரைத் தின்றன? இன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பணம் கட்டி ஹெலிகொப்டரில் ஏறிக் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்கு 2011ஆம் ஆண்டின் சட்டம் வழிவிட்டது. இரவில் அதே பன்றிகளை வெப்பநோக்கி பொருத்திய துவக்குகளால் வேட்டையாடுவது அங்கு ஒரு வாணிபம். பன்றியால் அங்குள்ள விவசாயிக்குத் தொல்லை உண்டென்பது மெய். ஆனால் தொல்லை விவசாயியினுடையது, கேளிக்கை வேறொருவனுடையது, இலாபமோ கருவி விற்பவனுடையது.

எமது நாட்டு ஏழை விவசாயிக்கு இந்தக் கண் எட்டாது. அதன் விலை இலங்கைப் பணத்தில் பல இலட்சம். அவன் கைக்கு எட்டுவது கட்டுத்துவக்கு. மரத்தோடு துவக்கைக் கட்டி, விலங்கு வரும் தடத்துக்குக் குறுக்கே கம்பியை இழுத்துவிட்டால், கம்பியில் தட்டுவது எதுவோ அது சுடப்படும். பன்றி தட்டினாலும் சரி, தேனெடுக்கப் போனவன் தட்டினாலும் சரி. தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்துவைக்கும் 'ஹக்கபட்டாஸ்' என்னும் வாய்வெடி இன்னொன்று. பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. கட்டுத்துவக்குக்குக் கண்ணே இல்லை; வெப்பநோக்கிக்குக் கூர்மையான கண் உண்டு. ஒன்று ஏழையின் கொடுமை. மற்றது செல்வனின் கொடுமை. ஆயினும் இரண்டும் ஒரு வகையில் உடன்பிறப்புக்களே. இரண்டும் "ஆரது?" என்று கேட்பதில்லை.

காட்டு விலங்கைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் கவலைப்படுவது விலங்கைப் பற்றி மட்டுமன்று.

1990 முதல் பல ஆண்டுகள் எமது ஊரில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருமையாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டுச் செய்த விளக்கில் எம் மாணவர் படித்தார்கள். வானில் இரைச்சல் கேட்டால் அந்த விளக்கையும் அணைத்துவிடுவோம். ஒளி எம்மைக் காட்டிக்கொடுக்கும். இருள் எம்மைக் காப்பாற்றும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேறும்படி ஒலிபெருக்கிகள் அறிவித்தன. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் ஓர் அடி வைக்க ஒரு நாழிகை ஆயிற்று. முகம் தெரியாத இருட்டு. தோளில் இடித்தவர் எவரென்று தெரியாது. எம் தாயார் அன்றிரவு முழுவதும் கேட்டுக்கொண்டே நடந்தார்: "ஆரது? எவடத்து ஆக்கள்?" பதில் வரும்: "நாங்கள் சுன்னாகம்." "நாங்கள் இணுவில்." "இஞ்சை ஒரு கிழவி தனிய நிக்கிறா, ஆற்றை ஆள்?" அந்தக் கேள்வியும் பதிலுமே அன்று எம்மை மந்தையாகாமல் மனிதராக வைத்திருந்தன.

மொட்டைமாடியில் நின்றபொழுது அந்த இரவுதான் எம் மனக்கண்முன் விரிந்தது. இத்தகைய கண்ணொன்று வானத்திலிருந்து அந்தச் சாலையை நோக்கியிருந்தால் எதைக் கண்டிருக்கும்? நீண்டதொரு வெள்ளை ஆறு. கிழவி, கர்ப்பிணி, சைக்கிள் தட்டில் கட்டிய குழந்தை, கயிற்றில் இழுத்துவந்த ஆடு எல்லாம் ஒரே வெண்மை.

இது வீண் கற்பனையன்று. 1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போரில், இரவில் பாலைமணல் குளிர்ந்துவிட, மணலுக்குள் புதைத்து மறைத்த தாங்கிகள் மட்டும் சூடு ஆறாமல் கிடந்தன. அமெரிக்க விமானங்களின் அகச்சிவப்புக் கருவிகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அழித்தன. உள்ளே இருந்தவர்களும் ஏழைத்தாய்மாரின் பிள்ளைகளே. 2010 பெப்ரவரி 21ஆம் நாள் ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் மூன்று வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. விடியுமுன்னரே ஓர் ஆளில்லா விமானத்தின் அகச்சிவப்புக் கண் அவற்றின்மேல் பதிந்தது. அதனை இயக்கியவர்கள் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இருந்தார்கள். திரையில் தெரிந்த உருவங்களைப் போராளிகளென்றே அவர்கள் எண்ணினார்கள். விடிந்த பின்னும் அவ்வெண்ணம் மாறவில்லை. ஹெலிகொப்டர்கள் வந்து சுட்டன. வாகனங்களில் இருந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் அடங்கிய சாதாரணப் பயணிகள். 23 பேர்வரை இறந்தனர் என்று அமெரிக்க இராணுவத்தின் சொந்த விசாரணையே கூறிற்று.

கருவி கண்டது பொய்யன்று. அங்கே உயிர்கள் இருந்தன என்பது மெய்யே. பொய்யானது பார்த்தவர்களின் முடிவு. பார்க்குமுன்னரே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். இருளை மட்டும் குற்றம் சொல்வதற்குமில்லை. எமது ஊருக்கு அயலிலுள்ள நவாலியில், 1995 யூலை 9ஆம் நாள், அடைக்கலம் புகுந்திருந்த மக்களின்மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டது பட்டப்பகலில். கண்ணின் கூர்மை எவ்வளவு வளர்ந்தாலும், கேள்வி கேட்கும் மனம் இல்லையேல், பார்வை வெறும் குறிபார்த்தலாகவே முடியும். தான் காணாதவாறு பிறரைக் காண்பவனை எவரும் தட்டிக்கேட்க முடியாது. தட்டிக்கேட்க முடியாத பார்வை வேட்டையிலும் போரிலும் ஒன்றே. அதன்முன் நிற்கும் விலங்கும் ஏழையும் ஒன்றே.

அப்படியானால் இக்கருவியை உடைத்தெறிந்துவிடலாமா? அவ்வாறு சொல்வது விஞ்ஞானத்துக்கும் எம் மருமகனைப் போன்ற தொழிலாளிக்கும் இழைக்கும் அநீதியாகும். சூடு உயிரின் அடையாளம். பிள்ளையின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் தாய் தேடுவதும் அதனையே. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, சிங்கப்பூரில் இத்தகைய கருவியைக் கொண்டே பயணிகளின் காய்ச்சலைக் கண்டறிந்தார்கள். கொள்ளைநோய்க் காலமாகிய 2020இல் உலகெங்கும் விமான நிலையங்களில் அது நின்றது. புகை சூழ்ந்த வீட்டுக்குள் மயங்கிக் கிடப்பவனைத் தீயணைப்பு வீரனுக்குக் காட்டுவதும் அதுவே.

இன்னொரு செய்தியை ஆசிரிய நண்பர்கள் தம் வகுப்பில் சொல்லவேண்டும் என்று விரும்புகிறோம். கோயம்புத்தூருக்கு அருகே மதுக்கரையில் காட்டை ஊடறுத்து ரயில் பாதை செல்கிறது. 2021 நவம்பரில் ஓரிரவு அப்பாதையில் மூன்று யானைகள் ரயிலில் மோதுண்டு இறந்தன. 2024 பெப்ரவரியில் அங்கே பாதையோரமாகக் கோபுரங்களை நிறுத்தி, அவற்றில் வெப்பங்காணும் கமராக்களைப் பொருத்தினார்கள். இருளில் யானை பாதையை நெருங்கினால் அதன் சூடு திரையில் தெரியும். உடனே வனத்துறைக்கும் ரயில்வேக்கும் அறிவித்தல் போகும். ரயில் வேகத்தைக் குறைக்கும். அதே கண், அதே இருள், அதே வெள்ளை உருவம். ஆனால் இங்கே திரையின் நடுவில் சிலுவைக்குறி இல்லை. எமது நாட்டிலோ 2025 பெப்ரவரியில், மட்டக்களப்புப் பாதையில், கல்ஓயாப் பகுதியில், இரவுப் புகையிரதம் ஒரு யானைக்கூட்டத்தின்மேல் மோதிற்று. பல யானைகள் இறந்தன. கொல்லுவதற்கு வந்து சேரும் வேகத்தில் காப்பதற்கு விஞ்ஞானம் வந்து சேர்வதில்லை. அதனைக் கொண்டுவந்து சேர்க்கும் கடமை மக்களுடையது.

வன்னியில் பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி இரவிரவாக விழித்திருக்கும் விவசாயிக்கும் இக்கண் பயன்படலாம். ஒருவன் பல இலட்சம் கொடுத்து வாங்க முடியாததை ஊரவர் கூட்டுறவாக வாங்கலாம். அரசாங்கத்தை வாங்கித்தரச் செய்யலாம். காவற்பரணில் அதனை வைத்து, விலங்கு வேலியை நெருங்குமுன் பறையடித்து விரட்டலாம். எம் பாட்டனாரின் கூவலை இக்காலத்துக்கு ஏற்ற முறையில் தொடர்வது அதுவே. பயிரும் தப்பும், உயிரும் தப்பும். கட்டுத்துவக்கும் வாய்வெடியும் தாமே ஒழியும்.

மருமகன் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, வெளியே போயிருந்தவன் நேரங்கழித்துத் திரும்பினான். படலை கிறீச்சிட்டது. மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தும், முற்றத்தில் நின்றது அவனென்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், எம் தாயார் படுக்கையிலிருந்தபடியே வழக்கம்போல் கேட்டார்:

"ஆரது?"

"நான்தான், அம்மம்மா."

"வா மோனை. சாப்பாடு மூடி வைச்சிருக்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் எம்மிடம் சொன்னான்: "மாமா, நான் போனதும் அந்த வேட்டைக்காரரிட்டை அம்மம்மா கேட்டதைச் சொல்லப்போறன்." அவர் என்ன பதில் சொல்லுவாரோ அறியோம். கேள்வி போய்ச் சேரட்டும்.